செல்லாத் தாளும் செலுத்தாக் கடனும்

செல்லாக் காசு என்பது நம்மவர் வழக்கிலே ஒரு வசைச்சொல். எதற்கும் உதவாதவனை அச்சொல்லால் ஏசுவர். அத்தகைய செல்லாக் காசுகளை, சரியாகச் சொன்னாற் செல்லாத் தாள்களை, கடந்த சில ஆண்டுகளாக நாம் தேடித் தேடிச் சேர்த்து வருகிறோம். எம்மோடு பணிபுரியும் ஆசிரிய நண்பர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. முத்திரை சேர்ப்பவரை அவர்கள் கண்டிருக்கிறார்கள். பழைய மன்னர் காலத்துக் காசுகளைச் சேர்ப்பவரையும் கண்டிருக்கிறார்கள். ஒரு நாட்டின் பணம் வீங்கி வெடித்துச் செத்துப்போன காலத்துத் தாள்களை மட்டுமே விரும்பிச் சேர்ப்பவரை அவர்கள் கண்டதில்லை. "சம்பளம் பதினைந்தாந் தேதியோடு தீர்ந்துபோகிறது. உள்ள பணத்தைக் கொடுத்து இல்லாத பணத்தை வாங்குகிறீரே!" என்று ஒருவர் சிரித்தார். அவருடைய சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆதலின் அவருக்கு விடை கூறும் கடமையும் எமக்கு இருக்கிறது.

எமது சேகரிப்புப் பெரிதன்று. ஒரு தடித்த புகைப்பட அல்பத்துக்குள் அடங்கிவிடும். செலவும் மிகுதியன்று. செத்த பணத்தின் இயல்பு, அளவுக்கு மேல் அச்சடிக்கப்பட்டிருப்பது. ஆகவே அதிற் பெரும்பகுதி இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. எம்மிடம் 1923ஆம் ஆண்டின் யேர்மானிய மார்க் உண்டு. ஆயிரம் மார்க் என்று 1922இல் திகதியிட்ட தாள், புழக்கத்துக்கு வருமுன்பே பயனற்றுப் போயிற்று. எனவே அதன் குறுக்கே சிவப்பு மையால் நூறு கோடி மார்க் என்று மறுபடி அச்சிட்டு வெளியிட்டார்கள். 1993இன் யூகோசிலாவியத் தினார் உண்டு. ஐம்பதினாயிரம் கோடி தினார் மதிப்புள்ள அத்தாளில் இருப்பவர் யோவான் யோவானோவிச் ஸ்மாய் என்னும் சேர்பியக் கவிஞர். குழந்தைகளுக்குப் பாட்டெழுதியவர் அவர். அவருடைய முகத்தை அச்சிட்ட தாள், சில வாரங்களில் ஒரு குழந்தைக்குப் பால் வாங்கவும் உதவாமற் போயிற்று. 2009 ஜனவரியிலே சிம்பாப்வே நாடு வெளியிட்ட டொலர்த் தாளும் உண்டு; ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சமநிலையில் நிற்கும் பாறைகளின் படம் அதில் இருக்கிறது. அந்நாட்டின் பொருளாதாரத்திலே அந்நாளிற் சமநிலையில் நின்றவை அப்பாறைகள் மட்டுமே.

தமிழ் படித்தவர்க்கு இவ்வெண்கள் ஒரு தனிச் சிந்தனையைத் தருவன. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே பேரெண்களின் பெயர்களுக்குப் புணர்ச்சி விதி கூறுவர். தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவர். பல்கலைக்கழகத்திலே அச்சூத்திரத்தைப் படித்தபோது, இத்துணைப் பெரிய எண்ணை முன்னோர் எதற்காக எண்ணினர் என்று நாம் வியந்ததுண்டு. விண்மீனையோ கடல்மணலையோ எண்ணியிருப்பர் என்று கருதினோம். ஒரு றாத்தல் பாண் வாங்குவதற்கு மனிதன் அவ்வளவு தூரம் எண்ணவேண்டி வரும் என்று கருதவில்லை. சிம்பாப்வேயின் அந்தத் தாள் நமது கணக்கிலே கோடி கோடி டொலர். கோடானுகோடி என்று நாம் அலங்காரமாகச் சொல்வது, அங்கே ஒரு தாளின் முகத்திற் பதினான்கு பூச்சியங்களாக நின்றது. ஹங்கேரி நாடு 1946இல் வெளியிட்ட மிகப் பெரிய தாளின் மதிப்போ அந்தக் கோடி கோடியிலும் பத்து இலட்சம் மடங்கு. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அந்நாட்டு விலைகள் ஏறக்குறையப் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தன. இன்று காலை வாங்கிய கூலி நாளைக் காலையில் மூன்றிலொரு பங்காயிற்று.

ஆனால் பூச்சியங்களை எண்ணி வியப்பதோடு நின்றுவிட்டால், அது பொருட்காட்சியில் இரண்டு தலைக் கன்று பார்த்த கதையாகவே முடியும். எம்மை இச்சேகரிப்பிலே பிடித்து நிறுத்தியவை ஐரோப்பாவின் தாள்களும் ஆபிரிக்காவின் தாள்களும் அல்ல. இந்த முருங்கன் ஊரிலே எமக்குக் கிடைத்த தாள்களே.

முருங்கன், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் ஊர். மன்னார் வீதியும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் அதை ஊடறுத்துச் செல்கின்றன. இங்கே வயற்காணியோடு வாழும் மூதாட்டியார் ஒருவர். அவருடைய தந்தையார் யாழ்ப்பாணத்திற் பிறந்து, மலாயாப் புகையிரதப் பகுதியிலே எழுதுவினைஞராயிருந்தவர். அந்நாளில் இலங்கைத் தமிழர் பலர் மலாயாவின் புகையிரதம், தபால், பொதுவேலை ஆகிய பகுதிகளிலே உத்தியோகம் பார்த்தனர் என்பதை நேயர்கள் அறிவர். போர் முடிந்தபின் நாடு திரும்பிய அவர், பிற்காலத்திலே முருங்கனிற் காணி வாங்கிக் குடியேறினார். நாம் பழைய காசுத்தாள் சேர்க்கும் செய்தியைத் தம் பேரப்பிள்ளை வாயிலாக அறிந்த அம்மூதாட்டியார், ஒருநாள் எம்மை அழைத்து, துருவேறிய பால்மாப் பேணி ஒன்றைத் திறந்தார். உள்ளே துணியிற் சுற்றிய தாட்கட்டு ஒன்று இருந்தது.

"மாஸ்டர், இது ஐயா மலாயாவில இருந்து கொண்டு வந்தது. சண்டைக்குள்ள ரெண்டு தரம் ஊரை விட்டு ஓடினனாங்கள். ரெண்டு தரமும் காணி உறுதியோட இதையும் கொண்டுதான் ஓடினது" என்றார்.

"அம்மா, இது செல்லாத காசு எண்டு ஐயாவுக்குத் தெரியாதோ?" என்று கேட்டோம்.

"தெரியாமல் என்ன, தம்பி! தெரியும். ஆனா ஐயா சாகுமட்டும் ஒண்டுதான் சொல்லுவார். 'எழுத்தில குடுத்திருக்கிறான், ஒரு நாளைக்குத் தரத்தான் வேணும்' எண்டு. மூண்டரை வருசம் அவர் உழைச்சதில மிஞ்சினது இவ்வளவும்தானே."

இத்தாள்கள், 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் யப்பானியப் படை மலாயாவிலே புழக்கத்துக்கு விட்ட டொலர்த் தாள்கள். பத்து டொலர்த் தாளிலே குலை தள்ளிய வாழை இருப்பதால் வாழைமர நோட்டு என்றே மக்கள் இவற்றுக்குப் பெயரிட்டனர். மலாய்க்காரரும் தம் மொழியில் அவ்வாறே அழைத்தனர். மலாயாவைக் குறிக்க ஆங்கில எம் என்னும் எழுத்து ஒவ்வொன்றிலும் இருக்கும். பர்மாவிலே இதே படை வெளியிட்ட ரூபாத் தாள்களில் பி என்னும் எழுத்து இருந்தது. பத்து டொலர்த் தாளின் முகத்தில், யப்பானிய அரசாங்கம் இத்தாளைக் கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பத்து டொலர் தருவதாக உறுதி கூறுகிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. அப்பெரியவர் நம்பிய எழுத்து இதுவே. உறுதிக்குக் கீழே கையொப்பமிட்ட அதிகாரி எவருமில்லை. அக்கட்டிலிருந்த தாள்களிற் பலவற்றிலே தொடரிலக்கமும் இல்லை. ஓரிரண்டு எழுத்துக் குறிகள் மட்டுமே இருந்தன. எத்தனை அடித்தோம் என்று கணக்கு வைக்க விரும்பாதவனே இலக்கமில்லாத பணத்தை அடிப்பான். திருப்பிக் கொடுக்க நினையாதவனே கணக்கு வைக்க விரும்பமாட்டான்.

கணக்கை ஆராய்ச்சியாளர் பின்னர் போட்டனர். போருக்கு முன் மலாயாவிலே புழங்கிய பணம் சுமார் 22 கோடி டொலர். மூன்றரை ஆண்டுகளில் யப்பானியர் அங்கே விட்ட தாள்கள் 700 கோடி டொலருக்கும் மேல் என்று மதிப்பிடுவர். பழைய டொலருக்குப் புதிய டொலர் சமம் என்று கட்டளையிட்டுத் தொடங்கிய பணம் இது. 1945 ஆகஸ்டு மாதத்திலே ஒரு பழைய டொலருக்கு ஏறக்குறைய 950 வாழைமர டொலர் ஆயிற்று. அரிசி கிடையாமல் நாடே மரவள்ளிக் கிழங்கைத் தின்றது. செப்டெம்பரிலே திரும்பி வந்த பிரித்தானிய இராணுவ நிர்வாகம், இத்தாளுக்கு மதிப்பே இல்லை என்று அறிவித்துவிட்டது. மக்கள் ஓர் இரவிலே வெறுங்கையர் ஆயினர்.

நெல்லும் ஈயமும் றப்பரும் வேண்டிய படை, அவற்றை வாளைக் காட்டிப் பறித்திருந்தாற் கொள்ளை என்ற பெயர் கிடைத்திருக்கும். தாளைக் கொடுத்து வாங்கியதனால் வியாபாரம் என்ற பெயர் கிடைத்தது. இரண்டிலும் பொருளை இழந்தவன் ஒருவனே. தாள் கொடுத்து வாங்கும் கொள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. வாளால் வெட்டுண்டவன் தன்னை வெட்டியவன் முகத்தை அறிவான். பணவீக்கத்தால் வெட்டுண்டவனோ கடைக்காரனை ஏசுவான், அயலானை ஏசுவான், தன் தலைவிதியையும் ஏசுவான். அச்சுக்கூடத்தை ஏச அவனுக்குத் தோன்றாது.

எழுதுவினைஞருக்காவது ஒரு பேணி நிறையத் தாள் மிஞ்சிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழ்க் கூலியாட்களின் கதை வேறு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் நீளப் புகையிரதப் பாதை அமைப்பதற்காக 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பான்மையினர் தமிழர். கூலியும் உணவும் உண்டு என்று ஆசைகாட்டிக் கூட்டிச் சென்றோரும் உளர். வழியிலே மறித்துப் பிடித்துச் சென்றோரும் உளர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களிற் பல்லாயிரவரைக் கொண்டன. அவர்களுக்குப் பேசிய கூலியும் இந்த வாழைமரத் தாளிலேதான். போர்க் கைதிகளாயிருந்த வெள்ளையருக்குப் பிற்காலத்திலே கல்லறைத் தோட்டங்கள் அமைந்தன. கல்லிலே பெயர்கள் பொறிக்கப்பட்டன. நம்மவருட் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலும் இல்லை. இலக்கமில்லாத தாளும் பெயரில்லாத கூலியும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள்.

எழுதிக் கொடுத்த உறுதி என்னவாயிற்று? 1951 செப்டெம்பரிலே சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், யப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம் என்று இலங்கையின் சார்பிலே ஜே. ஆர். ஜயவர்த்தன உரையாற்றியதை நமது சரித்திர நூல்கள் பெருமையோடு கூறும். தோற்ற நாட்டின் சாதாரண மக்களை நசுக்கக்கூடாது என்ற எண்ணத்தில் நாம் குறைகாணவில்லை. ஆயினும் மன்னித்த மேடையிலே வாழைமர நோட்டு வைத்திருந்தவன் இருக்கவில்லை. அரசுகள் தமக்குள் கணக்கை முடித்துக்கொள்ளும்போது, தனிமனிதன் கையிலுள்ள தாள் எந்தக் கணக்கிலும் சேராமற் போய்விடுகிறது. கொங்கொங்கிலே இதே வகையான யப்பானிய இராணுவ யென் தாள்களை வைத்திருந்தோர் சங்கமாகத் திரண்டு, அவற்றுக்கு ஈடு கேட்டுத் தோக்கியோவில் வழக்காடினர். 1999இல் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையைத் தள்ளிற்று. முருங்கனிலே ஒரு பேணியைக் காத்து வைத்திருந்தவர் தனித்த மூடநம்பிக்கைக்காரர் அல்லர் என்பதை அவ்வழக்கு எமக்கு உணர்த்திற்று. ஆசியாக் கண்டம் முழுவதிலும் அவ்வாறு பேணிகளும் பெட்டிகளும் இருந்தன.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். பணம் சாகும்போது எல்லாருந்தானே அழிகிறார்கள், இதில் ஏழை என்ன, செல்வன் என்ன என்று சிலர் கேட்பர். சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. கையிலே பணம் மட்டும் வைத்திருப்பவன் அழிகிறான். பண்டமும் நிலமும் ஆலையும் அந்நியச் செலாவணியும் வைத்திருப்பவன் அழிவதில்லை. கடன் கொடுத்தவன் அழிகிறான். பெருங்கடன் பட்டவன் தழைக்கிறான். யேர்மனியிலே ஹூகோ ஸ்தின்னஸ் என்ற பெருமுதலாளி, வங்கிகளிற் கடனெடுத்துச் சுரங்கங்களையும் கப்பல்களையும் பத்திரிகைகளையும் வாங்கிக் குவித்து, செத்த மார்க்கினாற் கடனை அடைத்து, பணவீக்கத்தின் அரசன் என்றே பெயர் பெற்றார். அந்நாட்டு அரசு முதலாம் உலகப் போருக்காகத் தன் குடிமக்களிடமே வாங்கிய கடன் 15,400 கோடி மார்க். 1923 நவம்பரில், ஓர் அமெரிக்க டொலருக்கு 4 இலட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க் என்ற நிலை வந்தபோது, அக்கடன் முழுவதன் மதிப்பும் பழைய கணக்கிலே பதினைந்து பெனிக்குச் சில்லறை. அதாவது ஒரு மார்க்கில் ஆறிலொரு பங்குக்கும் குறைவு. தேசபக்தியால் நகையை விற்று யுத்தப் பத்திரம் வாங்கிய விதவைக்குக் கிடைத்தது அந்தப் பெனிக்கிலே ஒரு துகள். கூலிக்காரன் மனைவி ஆலைவாயிலிலே கூடையோடு காத்துநின்று, பணத்தை வாங்கியதும் கடைக்கு ஓடினாள். அவள் ஓடிய அந்த ஓட்டமே ஸ்தின்னஸின் இலாபம்.

பழுதான பணம் நமது கரைக்கும் புதிதன்று. திருக்கேதீச்சரத்தை அடுத்திருக்கும் மாந்தை, உரோமரும் சீனரும் அராபியரும் நாடிய துறைமுகம். உரோமப் பேரரசின் தொடக்கத்திலே வெள்ளிக் காசு ஏறக்குறையத் தூய வெள்ளியாயிருந்தது. படைச் செலவு பெருகப் பெருக, அரசர்கள் அதிலே செம்பைக் கலந்தனர். கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளிக் காசு என்ற பெயரோடு வழங்கியதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளியும் இருக்கவில்லை. 301ஆம் ஆண்டிலே தியோகிளேசியன் என்னும் பேரரசன், பொருள்களுக்கும் கூலிக்கும் உச்ச விலை வகுத்து, மீறினால் மரணதண்டனை என்று ஆணையிட்டும் விலைகள் அடங்கவில்லை. ஈழத்திலே கிடைத்துள்ள உரோமக் காசுகளில் மிகுதியானவை, அதற்குப் பிந்திய நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகளே. பேரரசின் முகத்தை அதன் பொன்னிலே பார்ப்பவர் உளர். நாம் அதன் செம்பிலே பார்க்கிறோம்.

இனி, காசுத்தாள் சேர்ப்போர் உலகத்தைப் பற்றி ஒரு சொல். அங்கே ஒரு விதி உண்டு. கைபடாத தாளுக்கே உயர்ந்த விலை. ஒரு மடிப்பு விழுந்தால் விலை குறையும். மூலை மழுங்கினால் இன்னும் குறையும். கறை படிந்தால், கிழிந்தால், எவராவது பேனையால் எழுதியிருந்தால் அதைத் தூக்கி எறிவர். சிம்பாப்வேயின் கோடி கோடித் தாள் ஒன்றுக்கு இப்போது பல அமெரிக்க டொலர் கொடுக்கிறார்கள். 2015இல் அந்நாட்டு மத்திய வங்கி, பழைய டொலரை ஒழித்து மக்களுக்கு ஈடு கொடுத்தபோது, 35 ஆயிரம் திரில்லியனுக்கு ஓர் அமெரிக்க டொலர் கொடுத்தது. அக்கணக்கில் இத்தாள் 350 சேர்ந்தாலே ஒரு டொலர். உயிரோடிருந்தபோது பாண் தராத தாள், செத்தபின் அந்நிய நாட்டுச் சேகரிப்பாளர் கையிலே விலைபோகிறது. அந்த விலையில் ஒரு சதமும் அதைக் கூலியாக வாங்கியவனுக்குப் போவதில்லை.

மூதாட்டியாரின் அனுமதியோடு அக்கட்டிலிருந்து சில தாள்களைக் கொழும்பிலே வியாபாரி ஒருவரிடம் காட்டினோம். மடிப்பில்லாத இரண்டைப் பிரித்தெடுத்து விலை கூறினார். மற்றவற்றை விரலால் ஒதுக்கி, "இவை பாவித்த தாள், சேர். குப்பை" என்றார். அச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. பாவித்த தாளிலேதான் சரித்திரம் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த தாள் ஒரு கடையைக் கண்டிருக்கிறது. எட்டாக மடித்த தாள் ஒரு பெண்ணின் முந்தானை முடிச்சில் இருந்திருக்கிறது. ஓரத்திலே பென்சிலாற் கூட்டிய தாள், மாதக் கணக்குச் சரிவராத ஒருவனின் கவலையைச் சுமந்திருக்கிறது. கைபடாத தாளோ அச்சுக்கூடத்திலிருந்து நேரே அலுமாரிக்குப் போயிற்று. அது எவரையும் ஏமாற்றக்கூட இல்லை. ஆகவே அல்பத்திலே நாம் முன்பக்கங்களை அழுக்கடைந்த தாள்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். விலைக்கு வாங்கும்போதும் பிறர் ஒதுக்கியவற்றையே கேட்டு வாங்குகிறோம். மலிவு என்பது அதற்கு இரண்டாவது காரணந்தான்.

நமது நாட்டுக்கு வருவோம். 2022இல் இங்கே நிகழ்ந்தது, பொருளியலார் வகுத்த இலக்கணப்படி கட்டுமீறிய பணவீக்கம் ஆகாது. பிலிப் கேகன் என்னும் அமெரிக்கப் பொருளியலார் 1956இல் வகுத்த அளவுகோல், மாதமொன்றுக்கு 50 வீதம் விலை ஏறுவது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரிலே நம் நாட்டின் ஓராண்டு விலையேற்றம் 69.8 வீதம், உணவுப் பொருள்களின் ஏற்றம் 94.9 வீதம். இலக்கணத்துக்கு இது போதாது. அடுப்படிக்கு இது போதும். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் ஆயிற்று. இந்த 2022 மார்ச்சிலேதான், தாளுக்கும் மைக்கும் அந்நியச் செலாவணி இல்லையென்று மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். பரீட்சை வினாத்தாளுக்குக் கடதாசி இல்லாத அந்த நாட்களில், பணம் அச்சிடக் கடதாசி இல்லையென்று எவரும் சொல்லக் கேட்டிலோம்.

மன்னார்க் கரையோரம் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் மணலிலே கிடந்தன. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்ததால், கட்டுக்கரைக் குளத்து வயல்களிலும் விளைச்சல் விழுந்திருந்தது. அதே 2022 மார்ச்சு முதல் குழந்தைகளோடு படகேறி இராமேசுவரக் கரைக்குப் போனோர் செய்தியைப் பத்திரிகைகளிற் படித்தோம். போர்க்காலத்திற் குண்டுக்கு அஞ்சி ஓடிய அதே கடல்வழி, இப்போது அரிசி விலைக்கு அஞ்சி ஓடும் வழியாயிற்று. ஆசிரியர்களாகிய நாம் 2021இல் மூன்று மாதங்களுக்கு மேல் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிநின்று போராடிப் பெற்ற சம்பள உயர்வு, அடுத்த ஆண்டின் விலைவாசியிலே இருந்த இடம் தெரியாமற் கரைந்தது. அறுவடைக் காலத்தில் முருங்கனிலே கூலிக்கு வந்தவர்கள், "காசு வேண்டாம், நெல்லாத் தாங்கோ" என்று கேட்டதை நாம் நேரே கேட்டோம். கூலியை நெல்லாக அளந்த பழைய நாளை, தாளின்மேல் நம்பிக்கை இழந்த மனிதன் தானாகவே தேடிப்போகிறான். அந்தக் குரலைக் கேட்டபோது, மலாயாவிலே மரவள்ளிக் கிழங்குக்குத் தாட்கட்டு நீட்டியவர்களின் நினைவே எமக்கு வந்தது.

அதன் பின்னும் கதை முடியவில்லை. 2023இலே உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில், அரசின் திறைசேரி முறிகளுக்குரிய வட்டியைக் குறைத்தபோது, அந்தச் சுமை ஊழியர் சேமலாப நிதி முதலான நிதிகளின்மேல் வைக்கப்பட்டது; வங்கிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. சேமலாப நிதி என்பது தனியார்துறைத் தொழிலாளரின் முதுமைக்குரிய சேமிப்பு. வாழைமர நோட்டிலும் ஓர் உறுதி எழுதியிருந்தது; திறைசேரி முறியிலும் ஓர் உறுதி எழுதியிருந்தது. இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவரவில்லை. படையெடுத்த அந்நியன் வேறு, வாக்களித்துத் தெரிந்த அரசு வேறு. ஆயினும் உறுதி தளரும்போது யார் தலையிலே முதலில் விழுகிறது என்று கேட்டால், இரண்டு இடத்திலும் கிடைக்கும் விடை ஒன்றே.

இத்தாள்களை நாம் வகுப்பறைக்கும் கொண்டுபோவதுண்டு. தமிழ்ப் பாடத்துக்கு இடையிலே காசுத்தாள் எதற்கு என்று கேட்பவர்க்கு, வாசிக்கப் பழக்குவதே தமிழாசிரியன் தொழில் என்று விடை கூறுவோம். செய்யுளை வாசிப்பது போலவே ஒரு தாளையும் வாசிக்கலாம். யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், என்ன உறுதி கூறினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று மாணவர் ஒவ்வொன்றாகக் கேட்கப் பழகுகின்றனர். யப்பானியர் 1945இல் மலாயாவுக்கு அடித்த நூறு டொலர்த் தாள் ஒன்றிலே, றப்பர்த் தோட்டத்தில் வேலைசெய்யும் தொழிலாளரின் படம் இருக்கிறது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, "சேர், இந்தப் படத்தில இருக்கிற ஆக்களுக்கு இந்தத் தாள் கிடைச்சிருக்குமோ?" என்று கேட்டாள்.

"கிடைச்சிருக்கும் பிள்ளை. கிடைச்சதுதான் அவையளுக்கு வந்த கேடு" என்றோம்.

அவள் சற்றுச் சிந்தித்து, "அப்ப இதை எடுத்துக்கொண்டு வந்தால் இப்ப ஆர் காசு குடுக்க வேணும்?" என்று கேட்டாள். வகுப்பறை அமைதியாயிற்று. பொருளியற் பேராசிரியர்களையும் சர்வதேச நீதிபதிகளையும் தடுமாற வைக்கும் வினா அது. பதினைந்து வயதுப் பிள்ளை அதை இயல்பாகக் கேட்டாள்.

நண்பர் கேட்ட கேள்விக்கு எமது விடையும் அவ்வினாவிலேயே இருக்கிறது. செல்லாத் தாள் ஒவ்வொன்றும் எவரோ ஒருவருக்குக் கொடுபடாத கூலியின் சீட்டு. கொடுத்தவன் அதை மறக்க விரும்புவான். வியாபாரி அதை அபூர்வப் பொருளாக்குவான். அரசுகள் அதைக் கணக்கிலிருந்து கழித்துவிடும். ஆலைத் தொழிலாளியும் தோட்டக் கூலியும் எழுதுவினைஞரும் தம் உழைப்புக்கு ஈடாக வாங்கியது இதுவென்று சாட்சி சொல்ல, அழுக்கடைந்த அத்தாளைத் தவிர வேறு பத்திரம் பெரும்பாலும் இல்லை. பத்திரத்தைக் காப்பது கடனைக் காப்பது. ஆதலின் நேயர்கள் வீட்டிலே பாட்டன் பாட்டி வைத்த பழம் பெட்டியில் மலாயாத் தாளோ பர்மாத் தாளோ கிடந்தால், செல்லாக் காசு என்று எறிந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதை யார் உழைத்து வாங்கினார் என்று முதியவர்களிடம் விசாரித்து, ஒரு கடதாசியில் எழுதி, தாளோடு சேர்த்து வையுங்கள். அந்தக் கணக்கை ஒரு நாள் எவரேனும் கேட்பர்.